பல் செட்டுக்கு முன்பல் எப்படித் தேர்வாகுது? அம்மாயி முகத்துலயே இருக்கு கணக்கு!

உங்க வீட்டில் யாராவது பல் செட் வெச்சிருக்காங்களா? அது வாயில் இருக்கா, இல்லை அலமாரியில் தண்ணி டம்ளருக்குள் கிடக்கா?

நிறைய வீடுகளில் இரண்டாவதுதான் பதில். ஏன்னு கேட்டால் 'லூசா இருக்கு', 'ஈறுல குத்துது' என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் இன்னொரு காரணமும் மெதுவா வெளியே வரும்: 'கண்ணாடில பார்த்தா நான் மாதிரியே இல்ல கண்ணு.'

லூசா இருப்பதையும் குத்துவதையும் டாக்டரிடம் போனால் சரிசெய்து தருவார். 'நான் மாதிரி இல்ல' என்பதை, செட் முடிந்து கைக்கு வந்த பிறகு சரிசெய்வது கஷ்டம். அது செட் செய்யும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறார்கள், அதில் பேரன் பேத்திகளான உங்களுக்கும் உங்க போனுக்கும் என்ன வேலை... பார்க்கலாம் வாங்க.

ஆறு பல்தான் ஆளைக் காட்டும்

முழு பல் செட்டில் 28 பற்கள் வரை இருக்கும். ஆனால் பேசும்போதும் சிரிக்கும்போதும் மத்தவங்க கண்ணில் முதலில் படுவது மேல்வரிசையின் முன்பக்க ஆறு பற்கள்தான். நடுவில் இரண்டு பெரிய வெட்டுப்பற்கள், அவற்றின் இரு பக்கமும் சின்ன வெட்டுப்பல் ஒவ்வொன்று, ஓரத்தில் கோரைப்பல் ஒவ்வொன்று.

இந்தப் பற்கள் தொழிற்சாலையில் ரெடிமேடாகத் தயாராகி, ஆறு ஆறாக மெழுகுப் பட்டையில் பதித்து வரும். ஒவ்வொரு செட்டுக்கும் அளவு, வடிவம், நிறம் என்று தனித்தனி எண் உண்டு. செருப்புக் கடையில் சைஸ் பார்த்து எடுப்பது போலத்தான். ஒரே ஒரு சிக்கல். செருப்புக்குக் கால் இருக்கு, அளந்து பார்க்கலாம். பல்லே இல்லாத வாயில் எதை அளப்பது?

பல் போன பிறகு, அதைத் தாங்கிக்கொண்டிருந்த தாடை எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். உதடு உள்ளே போகும். மூக்குக்கும் தாடைக்கும் உள்ள தூரம் குறையும். பழைய பல் எங்கே, எவ்வளவு பெரிசா இருந்தது என்று சொல்ல வாய்க்குள் பெரிதாக எதுவும் மிஞ்சாது. அதனால்தான் பல் மருத்துவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். பல் போனாலும் கன்ன எலும்பின் அகலம் மாறாது. இரண்டு கண்மணிகளுக்கு நடுவில் உள்ள தூரமும் மாறாது. மாறாததை அளந்து, காணாமல் போனதைக் கணக்குப் போடுகிறார்கள்.

முகத்தில் எதையெல்லாம் அளக்கிறாங்க?

- கன்ன அகலம்: இரு கன்ன எலும்புகளும் வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம். இதை 16-ஆல் வகுத்தால் மேல் நடுப்பல் ஒன்றின் அகலம் என்பது பழைய விதி. கன்ன அகலம் 136 மி.மீ. என்றால் நடுப்பல் 8.5 மி.மீ.

- முக நீளம்: நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை அடி வரை. இதையும் 16-ஆல் வகுத்தால் நடுப்பல்லின் நீளம். 176 மி.மீ. முகத்துக்கு 11 மி.மீ. பல். வழுக்கை விழுந்த தாத்தாவுக்கு முடி எங்கே தொடங்கியது என்று ஊகிக்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த அளவில் கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்பார்கள்.

- மூக்கின் அகலம்: இரு மூக்கு மடல்களின் வெளி ஓரங்களுக்கு இடையே உள்ள தூரம். அங்கிருந்து நேர்க்கோடு ஒன்று கீழே இறக்கினால் கோரைப்பல் நுனிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பது விதி. இந்த அகலத்தை 1.31-ஆல் பெருக்கினால் ஆறு பற்களும் வளைவாகப் பிடிக்கும் மொத்த இடம் கிடைக்கும் என்று 1986-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. மூக்கு 36 மி.மீ. என்றால் ஆறு பற்களுக்குச் சுமார் 47 மி.மீ.

- வாயோரம்: வாயைத் தளர்வாக மூடியிருக்கும்போது உதட்டின் இரு முனைகளும் எங்கே முடிகின்றனவோ, ஏறக்குறைய அங்கேதான் கோரைப்பல்லும் முடியும்.

- சிரிப்புக் கோடு: நல்லா சிரிக்கும்போது மேலுதடு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது. பல் ஈறோடு சேரும் இடம் இதை ஒட்டி இருக்க வேண்டும். பல் குட்டையாக இருந்தால் சிரிக்கும்போது பிங்க் கலர் பிளாஸ்டிக் ஈறு வெளியே தெரிந்துவிடும்.

இந்தக் கோடுகளை எங்கே வரைவார்கள் தெரியுமா? டாக்டர் முதலில் மெழுகில் ஒரு வரம்பு கட்டி வாயில் வைப்பார். அது பல் இருந்த இடத்தை நிரப்பி, உள்ளே போன உதட்டை வெளியே கொண்டுவரும். முகம் பழைய உயரத்துக்கு வந்ததும் நடுக்கோடு, கோரைப்பல் கோடுகள், சிரிப்புக் கோடு எல்லாவற்றையும் அந்த மெழுகின் மேல் கீறுவார்கள். அதைப் பார்த்துத்தான் செட்டின் எண் முடிவாகும்.

தம்மம்பட்டி ஆசாரிகளுக்குத் தெரிந்த கணக்கு

முகத்தை அளவுகோலாக வைப்பது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஆத்தூர் பக்கம் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பேர்போன ஊர், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நம் சிற்ப மரபில் முக நீளம்தான் அடிப்படை அளவு. அதன் பெயர் 'தாளம்'. நவதாள முறையில் ஒரு முகத்துக்கு 12 அங்குலம் என்று வைத்து, ஒன்பது மடங்காக 108 அங்குலத்தில் முழு உருவமும் எழும். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை, சிலையின் அளவுக்கேற்ப மாறுவது.

முகத்தையும் மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள்: முடி முதல் புருவம், புருவம் முதல் மூக்கடி, மூக்கடி முதல் தாடை. பல் மருத்துவரும் முகத்தை இதே மூன்று பங்காகத்தான் பார்க்கிறார். பல் போனவர்களுக்குச் சுருங்குவது மூன்றாவது பங்கு.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிற்பி கணக்குப்படி ஒரு முகத்தை உருவாக்குகிறார். கணக்கு தப்பாது. பல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஏற்கெனவே இருக்கிற ஒரு முகம். அது எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டு வளர்ந்தது இல்லை.

உங்க முகத்துலயே டெஸ்ட் பண்ணிப் பாருங்க

சந்தேகமா? உங்களுக்குத்தான் சொந்தப் பல் இருக்கே. ஃப்ரெண்ட் ஒருவரைக் கூப்பிட்டு, கெட்டி அட்டை போட்ட இரண்டு புத்தகங்களை உங்க கன்னத்தின் இரு பக்கமும், காதுக்குச் சற்று முன்னால், லேசாக ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து 16-ஆல் வகுங்க. இப்போ கண்ணாடி முன் நின்று, ஸ்கேலால் உங்க நடுப்பல்லின் அகலத்தை அளங்க. பொருந்துதா?

அடுத்து, இரண்டு பென்சில்களை மூக்கு மடலின் ஓரத்திலிருந்து நேர்க்கீழாகப் பிடித்துக்கொண்டு சிரிங்க. கோரைப்பல் நுனி பென்சிலுக்குப் பின்னால் வருதா, தள்ளிப் போகுதா?

சிலருக்கு அச்சு அசலாகப் பொருந்தும். பலருக்கு அரை மி.மீ., ஒரு மி.மீ. தள்ளிப் போகும். 'அவ்வளவுதானே' என்று நினைக்க வேண்டாம். 8.5 மி.மீ. அகலமுள்ள பல்லில் ஒரு மி.மீ. கூடினால் ஆளே வேற மாதிரி தெரிவார். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்த விதிகளைச் சோதித்த ஆய்வுகளிலும் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. மூக்கு, வயதாக ஆகச் சற்று அகலமாகும் என்பது இன்னொரு சிக்கல். ஆகவே இந்த அளவுகள் 'எந்த சைஸில் தேட ஆரம்பிக்கலாம்' என்பதைத்தான் சொல்லும். 'இதுதான் உங்க பல்' என்று சொல்லாது.

சதுர முகத்துக்குச் சதுரப் பல்லா?

அளவு முடிந்தால் வடிவம். 19-ம் நூற்றாண்டில் ஆளின் சுபாவத்தைப் பார்த்துப் பல் தேர்ந்தெடுத்தார்கள்! கோபக்காரருக்கு ஒரு பல், சாதுவானவருக்கு இன்னொன்று. 1914-ல் லியோன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை மாற்றினார். மனிதப் பற்களைச் சதுரம், கூம்பு, முட்டை என மூன்று அடிப்படை வடிவங்களாகப் பிரித்து, முகத்தின் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே நடுப்பல்லின் வடிவம் என்றார். பல் தயாரிப்பு கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. இன்றைக்கும் கேட்லாக்குகளில் இந்த மூன்று பெயர்கள் இருக்கு.

1950-களில் ஃபிரஷ், ஃபிஷர் என்ற இருவர், ஆணுக்கு முனை கூர்ந்த சதுரப் பல், பெண்ணுக்கு ஓரம் வளைந்த பல், வயதுக்கேற்பத் தேய்மானம் என்று இன்னொரு முறை கொண்டுவந்தார்கள். சினிமா நடிகர்கள் முகத்தில் 'தங்க விகிதம்' தேடும் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அதைப் பல்லுக்குப் பொருத்திய கட்டுரைகளும் 1970-களில் வந்தன.

பின்னால் சோதித்துப் பார்த்தபோது இவை எதுவும் பெரிதாகத் தேறவில்லை. முக வடிவமும் பல் வடிவமும் பொருந்தாதவர்கள் ஏராளம். பல்லை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதும் நம்பகமாக இல்லை. தங்க விகிதத்தை 1993-ல் அளந்து பார்த்த பிரெஸ்டன், நடுப்பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் அந்த விகிதம் பொருந்தியது 17 சதவிகிதம் பேருக்குத்தான் என்றார். அதாவது, அழகான சிரிப்புள்ள உங்க அம்மாயிக்கும் அது இருந்திருக்க வாய்ப்பு குறைவு!

'பளிச்'சுன்னு வேணுமா?

நிறத்துக்கு உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படுவது 'வீட்டா' நிற அட்டை. ஏ1-ல் தொடங்கி டி4 வரை 16 நிறங்கள். ஏ வரிசை செம்பழுப்பு சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எண் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும்.

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். நீங்க வெள்ளையா இருக்கட்டும் என்பீங்க. 40 வருஷம் வெத்தல பாக்கு போட்ட வாயில் பால் வெள்ளைப் பல் வந்தால் பத்தடி தூரத்திலேயே 'செட்டு' என்று தெரியும். நாலு நிறத்தைக் கன்னத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. பல்லைத் தண்ணீரில் நனைத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் இல்லாமல் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதுக்கப்புறமும் அம்மாயி 'எனக்கு வெள்ளைதான் வேணும்' என்று சொன்னால், அதையே எடுங்க. போட்டுக்கொள்ளப் போவது அவங்கதான்.

உங்க போன் செய்ய வேண்டிய வேலை

எந்த விதியையும்விட நம்பகமானது, பல் இருந்த காலத்து ஆதாரம். பல் மருத்துவப் பாடப்புத்தகங்களும் இதைத்தான் முதலில் தேடச் சொல்கின்றன.

பழைய போட்டோ. கல்யாண போட்டோவை நம்பாதீங்க. அந்தக் காலத்து ஸ்டுடியோ படங்களில் மாப்பிள்ளையும் பொண்ணும் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். காதுகுத்து, வளைகாப்பு, பொங்கல் என்று யாரோ சிரிக்க வைத்து எடுத்த படத்தைத் தேடுங்க. பழைய கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

நேராகப் பார்க்கும் படம் கிடைத்தால் பல் அளவையே கணக்கிடலாம். லேப்டாப்பில் பெரிசாக்கி, கண்மணிக்குக் கண்மணி தூரத்தையும் நடுப்பல்லின் அகலத்தையும் ஸ்கேலால் அளங்க. திரையில் கண்மணி தூரம் 150 மி.மீ., பல் 21 மி.மீ. என்று வைப்போம். நேரில் கண்மணி தூரம் 60 மி.மீ. என்றால், 21-ஐ 60-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, பல்லின் நிஜ அகலம் 8.4 மி.மீ. நேரில் உள்ள தூரம் எப்படித் தெரியும்? மூக்குக் கண்ணாடி செய்த கடைச் சீட்டில் 'பி.டி.' என்று இருக்கும், அதுதான்.

இப்போதே ஒரு போட்டோ. வீட்டுப் பெரியவங்களுக்குப் பல் ஆடுகிறதா, எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரா? எடுப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்க. சிரித்து ஒன்று, உதட்டைத் தளர்வாக வைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பேசும்போது ஒரு சின்ன வீடியோ. செல்ஃபி வேண்டாம். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவிகிதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஐந்தடி தள்ளி நின்று, ஜூம் பண்ணி எடுங்க. எடுத்த பல்லை டாக்டர் தந்தால் கழுவிப் பத்திரப்படுத்துங்க. பழைய பல் செட்டையும் தூக்கிப் போடாதீங்க.

உங்க சிரிப்பு. படமே இல்லையா? ரத்த சொந்தங்களின் பல்லைப் பார்ப்பதும் ஒரு வழிதான். 'உனக்கு அப்படியே அம்மாயி பல்லு' என்று யாராவது சொல்லியிருந்தால், டாக்டரிடம் நீங்களும் போய் வாயைத் திறந்து காட்டுங்க.

மெழுகு ட்ரையல்: இந்த நாளை மிஸ் பண்ணாதீங்க

பல் செட்டுக்குப் பொதுவாக நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். அளவு எடுப்பதற்கும், வாங்குவதற்கும் யார் கூடப் போனாலும் பரவாயில்லை. நடுவில் ஒரு நாள், தேர்ந்தெடுத்த பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் குடும்பத்தில் ஒருவர் கட்டாயம் கூட இருக்கணும். மெழுகில் இருக்கும்வரை பல்லைத் திருப்பலாம், இறக்கலாம், வேற செட்டே மாற்றலாம். அதற்குப் பிறகு பிளாஸ்டிக்காக வெந்துவிட்டால் மாற்ற வழி குறைவு.

பார்க்க வேண்டியவை:

- உதட்டைத் தளர்வாக வைக்கும்போது எவ்வளவு பல் தெரிகிறது? 1978-ல் வந்த ஓர் அளவீட்டின்படி 30 வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சராசரியாக 3 மி.மீ.க்கு மேல் தெரியும். 60 தாண்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. 70 வயது தாத்தாவுக்கு 20 வயது ஹீரோ அளவுக்குப் பல் தெரிந்தால் ஒட்டாது.
- 'வாங்க, வணக்கம், வாழைப்பழம்' என்று சொல்லச் சொல்லுங்க. 'வ' வரும்போது மேல் முன்பல் நுனி கீழுதட்டை மெதுவாகத் தொட வேண்டும். குத்தினால் பல் நீளம்.
- 'சேலம், சேலம்' என்று வேகமாகச் சொல்லட்டும். மேல்-கீழ் பல் நெருங்கி வரணும், ஆனால் இடித்து 'டக் டக்' சத்தம் வரக் கூடாது.
- பற்கள் பியானோ கட்டை மாதிரி ஒரே சீராக இருக்கா? அம்மாயிக்கு லேசான தெத்துப்பல்லோ, நடுவில் சின்ன இடைவெளியோ இருந்திருந்தால் சொல்லுங்க. ஒரு பல்லை ஒரு நூல் திருப்பி வைத்தால் போதும், 'ஆமா, இதான் எங்கம்மா'ன்னு உங்க அம்மா சொல்லிடுவாங்க.
- கண்ணாடியை அவங்க கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் தனியா விடுங்க. டாக்டர் முன்னாடி, கூட வந்தவங்க முன்னாடி 'நல்லாருக்கு' என்று தலையாட்டுவது நம்ம பெரியவங்க வழக்கம். அவசரப்படுத்தாதீங்க. 'வேற மாதிரி வேணும்' என்று அவங்களால் கூச்சமில்லாமல் சொல்ல முடியலைன்னா, நீங்க சொல்லுங்க.

ஆத்தூர்க்காரங்க எங்கே போகலாம்?

தனியார் கிளினிக்குகள் தவிர, பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் கட்டும் பிரிவு தனியாகவே உண்டு. ஆத்தூரிலிருந்து பஸ் ஏறினால் 50 கி.மீ. சொச்சத்தில் சேலம். அதைத் தாண்டி அரியானூரில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. நாமக்கல் பக்கம் திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., எளையாம்பாளையத்தில் விவேகானந்தா. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் கூடுதல் தடவை போக வேண்டியிருக்கலாம். ஆனால் மெழுகு ட்ரையலுக்கு நேரம் கிடைக்கும்.

எங்கே போனாலும், டாக்டர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்க. 'ஒரே நாள்ல, ஒரே சிட்டிங்ல செட்' என்று, மிச்சமிருக்கும் பல்லோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கை ஒட்டித் தரும் ஆட்களிடம் போக வேண்டாம். அதைக் கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. ஈறு புண்ணாகி, இருக்கிற நல்ல பல்லும் போகும்.

செட் வந்த பிறகு ஒரு விஷயம். சேலம் தட்டுவடை செட்டைப் பார்த்ததும் முன்பல்லால் 'கறுக்'கென்று கடிக்கப் போவாங்க. முன்பல்லால் கடித்தால் செட் பின்னால் தூக்கிக்கொள்ளும். சின்னதாக உடைத்து, இரு பக்கமும் போட்டு மெல்லச் சொல்லுங்க. முதல் சில வாரங்கள் பேச்சும் சாப்பாடும் தடுமாறும், பழகிவிடும்.

சரி, இன்னைக்கு ஒரே ஒரு வேலை. இந்தக் கட்டுரையை மூடிட்டு, வீட்டுப் பெரியவங்களை ஐந்தடி தள்ளி நிறுத்தி, எதையாவது சொல்லிச் சிரிக்க வெச்சு ஒரு படம் எடுத்து வையுங்க. என்றைக்காவது தேவைப்பட்டால், எந்த சூத்திரத்தையும்விட டாக்டருக்கு அந்தப் படம் உதவும். தேவைப்படவே இல்லைன்னாலும், அவங்க சிரிச்ச போட்டோ ஒண்ணு உங்க கிட்ட இருக்கும்.